பள்ளியில் செல்போனைப் பிடுங்கி வைக்கலாமா? பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பையில் போன் இருந்தது, டீச்சர் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார், இப்போது தர மாட்டேன் என்கிறார். பள்ளி திறந்த சில வாரங்களிலேயே இந்தப் பிரச்சினை தொடங்கிவிடும். பெற்றோருக்குக் கோபம், ஆசிரியருக்குச் சலிப்பு, பிள்ளைக்கு அழுகை. மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. தேவைப்படும் இடத்தில் வெளி மாநிலம், வெளிநாடு பற்றியும் வரும்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் போனைப் பார்த்தால் ஆசிரியர் அதை வாங்கி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் முதல் தடவை என்றால் சாயங்கால மணி அடிக்கும்வரைதான், மறுபடியும் நடந்தால் பெற்றோரிடம் கொடுக்கும்வரைதான். அதன் பிறகும் திருப்பித் தராமல் வைத்திருப்பது, உள்ளே திறந்து பார்ப்பது, உடைப்பது, விற்பது எல்லாம் ஒழுங்கு நடவடிக்கையில் சேராது.

பிடுங்கி வைக்க பள்ளிக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

'ஆசிரியர் மாணவரின் செல்போனைப் பறிமுதல் செய்யலாம்' என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் எதுவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதில்லை. இருப்பவை சுற்றறிக்கைகளும் பள்ளிகளின் சொந்த விதிகளும்தான். சி.பி.எஸ்.இ. 2009லேயே தன் பள்ளிகளுக்குச் செல்போன் கட்டுப்பாடு பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையும் மாணவர்கள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது நாம் கையெழுத்துப் போடும் விண்ணப்பத்திலும், டைரியின் முதல் சில பக்கங்களிலும் இந்த விதி பெரும்பாலும் இருக்கும். யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு நடக்க இடைஞ்சலாக இருக்கும் பொருளைக் கொஞ்ச நேரம் வாங்கி வைப்பது ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி என்பதை நீதிமன்றங்களும் ஏற்கின்றன. அதே சமயம் அரசியலமைப்பின் 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. அரசுப் பள்ளி அரசின் அங்கம் என்பதால் இந்தப் பிரிவு அங்கே நேராகவே வந்து நிற்கும். தற்காலிகமாக வாங்கி வைப்பது வேறு, நிரந்தரமாக எடுத்துக்கொள்வது வேறு. இந்த வேறுபாடு புரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்று அடிக்கடி பேசப்படுகிறதே, அதில் என்ன இருக்கிறது?

2025 பிப்ரவரி 28 அன்று நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி கொடுத்த தீர்ப்பு அது. கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவர் பள்ளியில் ஸ்மார்ட்போனைத் தவறாகப் பயன்படுத்தியதிலிருந்து எழுந்த வழக்கு. பள்ளிகளில் போனை அடியோடு தடை செய்வது விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்துவருவதும் இல்லை என்று நீதிபதி சொன்னார். இந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு 'நீதிமன்றமே அனுமதித்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டவர்கள் அடுத்த பக்கத்தைப் படிக்கவில்லை.

முடிந்த இடங்களில் மாணவர்கள் உள்ளே வரும்போது போனை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும், வகுப்பறையில் போன் கூடாது, பொது இடங்களிலும் பள்ளி வாகனத்திலும் கேமராவோ பதிவோ கூடாது என்று அதே தீர்ப்பு வழிகாட்டுகிறது. பாதுகாப்புக்கும் வீட்டோடு தொடர்புக்கும் போன் இருக்கலாம், பொழுதுபோக்குக்கு இல்லை என்கிறது. விதியைப் பெற்றோர், ஆசிரியர், துறை அறிந்தவர்கள் ஆகியோரைக் கலந்து வகுக்க வேண்டும் என்கிறது. மீறினால் என்ன செய்யலாம் என்ற இடத்தில் பறிமுதலையும் குறிப்பிடுகிறது, ஆனால் 'குறிப்பிட்ட காலத்துக்கு' என்ற நிபந்தனையோடு. போன் கொண்டுவரும் சலுகையை ரத்து செய்யலாம் என்பதும் அங்கே உண்டு.

டெல்லித் தீர்ப்பு தமிழ்நாட்டுப் பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாளைக்கு இங்கே ஒரு வழக்கு வந்தால் இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் முதலில் கையில் எடுப்பது அதுவாகத்தான் இருக்கும்.

'பறிமுதல் செய்தால் திருப்பித் தர மாட்டோம்' என்று அமைச்சரே சொன்னாரே?

சொன்னார். 2022இல் பள்ளிக்கல்வித் துறை அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி, பள்ளிக்குக் கொண்டுவரும் போன் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்றார். கொரோனா கழிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய நேரம் அது. வகுப்பறை ஒழுங்கு குலைந்துகிடந்தது. மாணவர்கள் ஆசிரியர்களிடம் தகராறு செய்யும் வீடியோக்கள் வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அந்தச் சூழலில் ஒரு மிரட்டலாக அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அமைச்சரின் பேட்டி சட்டம் ஆகாது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளை ஒரு குடும்பத்திடமிருந்து நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் பேட்டி போதாது.

அப்படியென்றால் எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

முதல் தடவை என்றால் அன்று சாயங்காலம் வரை. இரண்டாவது தடவை என்றால் பெற்றோரிடம் கொடுக்கும்வரை. 'வருடக் கடைசியில்தான் தருவோம்', 'ப்ளஸ் டூ முடித்து டி.சி. வாங்கும்போது வாங்கிக்கொள்' என்பதெல்லாம் பல பள்ளிகளில் நடக்கிறது. பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் அப்படி வைத்திருப்பது சரியில்லை.

இதில் பலர் யோசிக்காத விஷயம் சிம் கார்டு. பதினெட்டு வயது ஆகாதவர் பெயரில் சிம் தர மாட்டார்கள். ஆகவே பிள்ளையின் போனில் இருக்கும் எண் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோதான் இருக்கும். வங்கி ஓ.டி.பி., சிலிண்டர் புக்கிங், ரேஷன் குறுஞ்செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். பல வீடுகளில் ஸ்மார்ட்போனே ஒன்றுதான். பையன் தெரியாமல் எடுத்து வந்திருப்பான். அந்தப் போனை ஒரு வாரம் பீரோவில் பூட்டினால் தண்டனை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். போனை வைத்திருக்க வேண்டியிருந்தாலும், பெற்றோர் கேட்டால் சிம்மை அன்றைக்கே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

பெற்றோர் நேரில் வந்தால்தான் தருவோம் என்கிறார்கள். சரியா?

தவறு இல்லை, ஆனால் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. பையன் செய்த தப்புக்கு அப்பாவுக்கு அபராதம் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அப்பா இல்லாத பிள்ளைகள், பாட்டி வீட்டில் வளர்பவர்கள், பெற்றோர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர்கள் எல்லோரும் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. போனில் பேசி, யார் வந்து வாங்குவார் என்று கேட்டு, சனிக்கிழமை காலையோ வேலை முடிந்த மாலையோ ஒரு நேரம் ஒதுக்கினால் போதும். அக்காவோ சித்தப்பாவோ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

போனை உடைக்கலாமா? ஏலம் விடலாமா?

கூடாது.

இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 2019இல் கர்நாடகத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் கண்முன்னே அவர்களது போன்களைச் சுத்தியலால் உடைத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியபோது, 'சபாஷ், இப்படித்தான் செய்ய வேண்டும்' என்று கைதட்டியவர்கள் நிறையப் பேர். அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்துவது குற்றவியல் சட்டத்தில் வரும் குற்றம். செய்பவர் ஆசிரியர் என்பதால் மாறிவிடாது. ஏலம் விட்டு அந்தப் பணத்தில் பள்ளிக்கு மின்விசிறி வாங்கினாலும் அதே கதைதான். நல்ல காரியத்துக்குத்தானே என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தீர்மானம் போட்டாலும் விற்கும் உரிமை வந்துவிடாது.

வாங்கி வைத்த ஆசிரியர் மேல் திருட்டு வழக்கு போட முடியுமா?

விதிப்படி வாங்கி, பதிவேட்டில் எழுதி, பீரோவில் வைத்திருந்தால் முடியாது. திருட்டு என்றால் நேர்மையற்ற நோக்கம் இருக்க வேண்டும். கோபத்தில் காவல் நிலையத்துக்குப் போகும் பெற்றோரை ஆய்வாளரும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் யாராவது அந்தப் போனைத் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்தாலோ விற்றாலோ கதை வேறு.

பீரோவில் வைத்த போன் தொலைந்துவிட்டால்?

இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் அசட்டையாக இருக்கின்றன. ஸ்டாஃப் ரூம் மேசை இழுப்பறையில் ஏழெட்டுப் போன்கள் பெயர்கூட ஒட்டாமல் கிடக்கும். அடுத்தவர் பொருளைக் காவலில் வைத்திருப்பவர், தன் சொந்தப் பொருளை ஒரு சராசரி மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவில் உள்ள அளவுகோல். பள்ளி வாங்கி வைத்த போனுக்கு அந்தப் பிரிவு அப்படியே பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். ஆனால் தொலைந்தால் நியாயம் கேட்பவர்கள் இந்த அளவுகோலைத்தான் நீட்டுவார்கள்.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மாணவர் பெயர், வகுப்பு, போன் மாடல், திரையில் ஏற்கெனவே கீறலோ விரிசலோ இருக்கிறதா, யார் வாங்கினார், யார் திருப்பி வாங்கினார். வாங்கும்போது மாணவரிடமே ஸ்விட்ச் ஆஃப் செய்யச் சொல்லி, ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே அவரையே கையெழுத்துப் போடச் சொன்னால் 'என் போனில் யாரோ நோண்டியிருக்கிறார்கள்' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. *#06# என்று அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை முடக்கலாம்.

ஆசிரியர் போனைத் திறந்து மெசேஜ், போட்டோ பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. பேட்டர்னைச் சொல்லு, பாஸ்வேர்டைச் சொல்லு என்று மிரட்டுவதும் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. வகுப்பில் போன் பார்த்தது தப்பு. அதற்காக அவள் தோழியிடம் என்ன பேசினாள் என்று ஸ்டாஃப் ரூமில் நான்கு பேர் கூடிப் படிப்பது அதைவிடப் பெரிய தப்பு. இதனால் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கிறது. போனில் ஒரு பையன் பெயர் இருந்ததைப் பள்ளி வீட்டுக்குச் சொல்ல, வீடு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் கதைகளைக் கேட்காத ஆசிரியர் யாரும் இருக்க மாட்டார்.

நிஜமாகவே ஆபத்தான ஒன்று இருப்பதாகச் சந்தேகம் வந்தால்? உதாரணமாக, இன்னொரு மாணவியின் ஆபாசப் படம் அதில் இருப்பதாக யாரோ வந்து சொல்கிறார்கள். அப்போதுதான் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆதாரம் என்று நினைத்து ஆசிரியர் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாலோ தலைமை ஆசிரியருக்கு ஃபார்வர்டு செய்தாலோ, அவரே சட்டச் சிக்கலில் மாட்டுவார். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும், வைத்திருப்பது போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவிலும் வரும். போனை அணைத்து, கவரில் போட்டு ஒட்டி, தலைமை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தால் போக்சோ 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளிப் பெயர் கெடும் என்று மூடி மறைப்பது அதே சட்டத்தில் தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தாலும் வழிகாட்டுவார்கள்.

பை, சட்டைப்பை, உடல் சோதனை?

உடலைத் தடவிச் சோதிப்பது கூடவே கூடாது. கேரளக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேவை இருக்கும் பிள்ளை பெற்றோரின் அனுமதியோடு போன் கொண்டுவரலாம், வகுப்பு முடியும்வரை அணைத்து வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையத்தின் வழிகாட்டுதல். தினமும் காலையில் வாசலில் நிறுத்தி எல்லாப் பைகளையும் கொட்டச் சொல்வதும் நல்ல வழக்கம் இல்லை. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளின் பையில் நாலு பேர் முன் காட்ட விரும்பாத பொருள்கள் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தாலே போதும். குறிப்பிட்ட சந்தேகம் இருந்தால் தனி அறையில், இரண்டு ஆசிரியர் முன்னிலையில், மாணவரையே பையைத் திறந்து காட்டச் சொல்லலாம்.

மாணவர் போனைத் தர மறுத்தால் என்ன செய்வது? (ஆசிரியர்கள் கேட்பது)

கையிலிருந்து இழுக்காதீர்கள். அந்த இழுபறியில் போன் உடையும் அல்லது யாராவது விழுவார்கள். கடைசியில் உங்கள் மேல் புகார் வரும். பாடத்தைத் தொடருங்கள். வகுப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியர் அறையில் பேசிக்கொள்ளலாம்.

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நடந்தது எல்லோரும் பார்த்ததுதான். போனை வாங்கி வைத்ததற்காக ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவர் தலைமையாசிரியரை அவர் அறையிலேயே மிரட்டினார். 'வெளியே வாங்க, பார்த்துக்கிறேன்' என்ற தொனி. அந்தக் காட்சி வீடியோவாக வெளியே வந்ததும் முதலில் எல்லோரும் மாணவரைத் திட்டினார்கள். பிறகு கேள்வி மாறியது: பள்ளிக்குள் பதிவான ஒரு சிறுவனின் வீடியோவை ஊருக்குக் காட்டியது யார்? மாணவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். வீடியோ இன்னும் இணையத்தில் கிடக்கிறது. போன் கூடாது என்ற விதியைக் காப்பாற்றப் போய், போனைக் கொண்டு செய்யக்கூடிய மோசமான காரியங்களில் ஒன்று அங்கே நடந்துவிட்டது.

இன்னொன்று. வகுப்பு முன்னால் நிற்கவைத்து, 'யாருக்குடா மெசேஜ், எங்களுக்கும் படிச்சுக் காட்டு' என்று கேலி செய்யாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்லாமல் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. போன் பறிபோனதைவிட அவமானம்தான் பிள்ளைகளை விபரீத முடிவுகளுக்குத் தள்ளுகிறது. வாங்கிய அன்று அந்தப் பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அமைதியாகவோ பதற்றமாகவோ இருந்தால், சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பெற்றோரும் பிள்ளையும் பேச டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம்.

அவசரம் என்றால் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

பள்ளி அலுவலக எண்ணுக்குத்தான். 'அது எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுப்பதில்லை' என்று பெற்றோர் சொல்வார்கள். பல பள்ளிகளில் அது உண்மையும்கூட. பிள்ளையின் போனை வாங்கி வைக்கும் பள்ளிக்குத் தன் போனை எடுக்கும் கடமை உண்டு.

பயண நேரம்தான் நிஜமான பிரச்சினை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறரைக்கு வெளியே வரும் பெண், ஏழு மணி டவுன் பஸ் வராமல் ஊர் ரோட்டில் நிற்கிறாள். அந்தப் பிள்ளையிடம் போன் இருக்கக் கூடாது என்று எந்த அலுவலர் அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தாலும் வீட்டில் ஏற்க மாட்டார்கள். ரகசியமாகப் பையில் வைத்து அனுப்புவார்கள். காலையில் ஒப்படைத்து மாலையில் வாங்கும் ஏற்பாடு இருந்தால் ரகசியத்துக்குத் தேவை இல்லை. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் அதற்கு ஆள் எங்கே என்ற கேள்வி நியாயமானது. வகுப்புக்கு ஒரு மூடி போட்ட பெட்டி, வகுப்பு ஆசிரியர் கையில் சாவி என்று வைத்தால் தூரத்திலிருந்து வரும் சிலர் மட்டும்தான் பயன்படுத்துவார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் லாக்கர் கட்ட வேண்டியதில்லை.

உடல்நலக் காரணத்துக்காகப் போன் வேண்டும் என்றால்?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளில் சிலர் தோலில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பார்கள். சர்க்கரை அளவு போனில்தான் தெரியும். செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் கருவியைப் போனோடு இணைத்திருப்பார்கள். அவர்களிடமிருந்து வாங்கவே கூடாது. மருத்துவர் சீட்டோடு ஒரு கடிதம் கொடுத்து, எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்படி செய்துவிடுங்கள். புதிதாக வந்த ஆசிரியர் தெரியாமல் பிடுங்குவதுதான் வழக்கமாக நடப்பது.

கொரோனாவில் போன் வாங்கச் சொன்னதே பள்ளிதானே?

ஆமாம். இதை மறுக்க முடியாது. 2020, 2021இல் கல்வித் தொலைக்காட்சி இருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் பாடம் வந்தது வாட்ஸ்அப் குழுவில்தான். நகையை அடகு வைத்துப் போன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம் குழுவிலேயே வருகிறது, 'ப்ராஜெக்ட் போட்டோ அனுப்பு' என்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் குழுவில் வேலை கொடுக்கும் பள்ளி, காலை ஒன்பது மணிக்குப் போன் கெட்டது என்று சொன்னால் பிள்ளை சிரிக்கத்தான் செய்யும். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகைக்கும் டைரிக்கும் கொண்டுவந்தாலே பாதிச் சண்டை குறையும்.

ஆசிரியர்கள் மட்டும் வகுப்பில் போன் பார்க்கலாமா?

பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் வருகைப்பதிவே பள்ளிக்கல்வித் துறையின் டி.என்.எஸ்.இ.டி. செயலியில்தான். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சிறுவர்களின் மதிப்பீட்டையும் போனில் ஏற்ற வேண்டும். அதுவும் ஆசிரியரின் சொந்தப் போன், சொந்த டேட்டா. பிள்ளை கண்ணுக்கு அது தெரியாது. சார் குனிந்து போன் பார்க்கிறார் என்பதுதான் தெரியும். ஆந்திரத்தில் 2023 ஆகஸ்ட்டில் வகுப்பறைக்குள் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே போன் தடை கொண்டுவந்தார்கள். இங்கே செயலிகளைக் குறைக்காமல் அப்படி ஒரு தடை போட்டால் ஒரு நாள்கூட ஓடாது. வருகைப்பதிவு முடிந்ததும் ஆசிரியரும் தன் போனை மேசைக்குள் வைத்துவிட்டால் போதும். பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பாளர்கள் போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். முடியாத காரியம் இல்லை.

வெளிநாடுகளில் எப்படி?

பிரான்ஸ் 2018இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் போன் பயன்பாட்டைச் சட்டம் போட்டே தடுத்தது. அந்தச் சட்டமே பறிமுதலை அனுமதிக்கிறது. ஆனால் எப்படி வாங்குவது, எப்போது திருப்பித் தருவது என்பதைப் பள்ளி விதியில் எழுதி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2006 சட்டம், நியாயமான முறையில் பறிமுதல் செய்த ஆசிரியரைப் பொருள் தொலைந்தாலும் நஷ்டஈட்டிலிருந்து காப்பாற்றுகிறது. பிரேசில் 2025 ஜனவரியில் நாடு தழுவிய சட்டம் கொண்டுவந்தது. தென்கொரியா 2025 ஆகஸ்ட்டில் சட்டம் நிறைவேற்றி, 2026 மார்ச்சிலிருந்து நடைமுறை என்றது. அந்த நாட்டின் மனித உரிமை ஆணையம் மாணவர் போனைச் சேகரித்து வைப்பது உரிமை மீறல் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்து, 2024இல் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டது. இந்த நாடுகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தடையின் கடுமையை இல்லை. ஆசிரியர் எதைச் செய்யலாம் என்பதை எழுத்தில் வைத்திருக்கும் வழக்கத்தை. நம் ஆசிரியருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, நம் மாணவருக்கு அந்த உத்தரவாதமும் இல்லை.

போனை வாங்கி வைப்பதால் மார்க் கூடுமா?

கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம். இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், தடைக்குப் பிறகு மதிப்பெண் உயர்ந்தது தெரிந்தது. அதிகம் பலன் பெற்றவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள். ஸ்வீடனில் அதே மாதிரி செய்து பார்த்தபோது மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2025இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு, தடை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் மாணவர் மனநலத்தில் வேறுபாடு காணவில்லை. ஆனால் மொத்தமாக ஒரு நாளில் போனில் அதிக நேரம் இருப்பவர்களுக்குத் தூக்கம், படிப்பு எல்லாம் மோசமாக இருந்தன. பள்ளியில் ஏழு மணி நேரம் வாங்கி வைத்துவிட்டு வீட்டில் நள்ளிரவுவரை விட்டுவிட்டால் கணக்கு எங்கே சரியாகும்?

போன் கொண்டுவந்ததற்கு டி.சி. கொடுக்க முடியுமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது.) ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் விசாரிக்காமல், பெற்றோரைக் கேட்காமல், ஒரு போனுக்காக வெளியே அனுப்பினால் அதை எதிர்த்து நிற்கலாம். 2019இல் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் மாலை ஆறு முதல் பத்துவரை போனை ஒப்படைக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இணையம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. அவர் வயதுவந்த கல்லூரி மாணவி, இடம் விடுதி. பள்ளி வகுப்பறைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

புகார் எங்கே கொடுப்பது?

முதலில் தலைமை ஆசிரியர். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அதன் பிறகு மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம். அடித்தார்கள், உடலைச் சோதித்தார்கள் என்றால் நேராக மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். போன் விஷயத்துக்கு எடுத்த எடுப்பில் உள்ளூர் நிருபரை அழைத்துவிடாதீர்கள். மறுநாள் பேப்பரில் வரும், ஆனால் அதே பள்ளியில் உங்கள் பிள்ளை இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டும்.

பட்டன் போன் கொடுத்து அனுப்பினால் பரவாயில்லையா?

பேச மட்டும் என்றால் அதுதான் நல்லது. ரீல்ஸ் இல்லை, கேம் இல்லை, தொலைந்தாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் விதி எல்லாப் போனுக்கும் சேர்த்துத்தான். வகுப்பில் அடித்தால் அதையும் வாங்கி வைப்பார்கள். முன்கூட்டியே வகுப்பு ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, பிள்ளை எந்த பஸ்ஸில் வருகிறது, எதற்காகப் போன் தேவை என்று சொல்லிவிடுங்கள். காலையில் அவரிடம் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளட்டும்.